அலையைச் சேர்க்காமல் போட்ட படம்

1

இந்த ஊருக்கு நான் வந்து பதினெட்டு வருடம் ஆனதற்காக ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் 'சாமுவேல்' என்று எழுதியிருந்தது. அது என் அப்பாவின் பெயர். தாம்பரத்தில் எஸ். எஸ்தர் ராணியாக இருந்தவளின் இனிஷியலை பாஸ்போர்ட்டுக்காக விரித்து எழுதப்போக, விமானத்தை விட்டு இறங்கிய நாளிலிருந்து இங்கே நான் சாமுவேல்தான். வாழ்நாளில் விழுப்புரத்தைத் தாண்டாத மனிதர், போய்ச் சேர்ந்த பிறகு அமெரிக்காவில் என் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறார்.

கேக்கை வாயில் வைக்கும்போதே போனில் செய்தி வந்தது. பெருங்களத்தூரிலிருந்து என் அண்ணன் பாக்கியநாதன். அம்மா எங்கள் இருவர் பெயரிலும் எழுதிவைத்த வீட்டை விற்பதற்கான பவர் பத்திரத்தை அனுப்பியிருந்தார். "கையெழுத்துப் போட்டு, தூதரகத்துல சீல் வாங்கி அனுப்பு. இந்தத் தடவையும் லேட் பண்ணாத."

இந்தத் தடவையும் என்ற சொல்லில் ஒரு குத்தல் இருந்தது. இரண்டு மாதமாக நான் இழுத்தடிக்கிறேன் என்பது உண்மைதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஒரு சின்ன நிறுவனம். புயல் வந்தால் கடல் எவ்வளவு உயரும், எந்தத் தெரு வரை உள்ளே வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு நகராட்சிகளுக்குப் படம் கொடுப்போம். எனக்குப் பிறவியிலேயே சந்தேகப் புத்தி. பால் பொங்கினால்கூட அடுப்பை யார் கூட்டியது என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் இதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இந்த வேலையில் எனக்குச் சோறு போடுவதே அந்தப் புத்திதான்.

2

அண்ணன் வீட்டை விற்க நினைத்ததில் தப்பில்லை. பெருங்களத்தூர் வீடு பள்ளத்தில் இருக்கிறது. ஏரிகளைத் திறந்துவிட்ட அந்த வருடம் அடையாற்று வெள்ளம் கீழ்த்தளம் முழுக்க நின்றது. அண்ணி மேரி மொட்டை மாடியில் இரண்டு நாள் பிரட்டைத் தின்று உயிர் வாழ்ந்தாள். அதிலிருந்து ஐப்பசி பிறந்தாலே அண்ணன் பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிடுவார். வானிலை அறிக்கையைக் கேட்டுக் கேட்டு அண்ணிக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிட்டது. இங்கே என் தெருவிலும் ஜூனில் புயல் பருவம் தொடங்கினால் எல்லோரும் காரில் பெட்ரோலை நிரப்பி வைத்துக்கொள்கிறோம். பயம் இரண்டு பக்கமும் ஒன்றுதான், எங்களுக்கு ஓடிப்போக அகலமான ரோடு இருக்கிறது.

தப்பு எதில் என்றால், ஆற்றுக்குப் பயந்து அவர் போக நினைத்த இடம் கோவளம் பக்கம். முகத்துவாரத்தை ஒட்டிய கழிக்கரையில் புதிதாகப் பிரித்த மனைகள். கிழக்குத் தாம்பரம், செம்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிகிற தண்ணீர் சதுப்பு நிலம், கால்வாய் என்று சுற்றி வந்து கடைசியில் கடலைப் பார்ப்பது அந்த வழியாகத்தான். புயலில் கடல் உயர்ந்து முகத்துவாரத்தை மறித்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்?

போனில் கேட்டேன். எனக்குக் காலை ஏழு மணி, அவருக்கு மாலை டீ நேரம்.

"அண்ணா, அந்த இடத்துக்கு வெள்ள ரிப்போர்ட் ஏதாவது பாத்தீங்களா?"

"எல்லாம் பாத்தாச்சு. கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்ட படம் இருக்கு."

"யார் போட்டது?"

"உனக்குத் தெரியாததா எஸ்தரு? எல்லாம் தெரிஞ்சுகிட்டே கேக்குறியே."

பார்த்தீர்களா, நழுவுகிறார் என்று நினைத்தேன். "தெரிஞ்சா ஏன் கேக்கப் போறேன்?" என்றேன்.

"சரிம்மா. நேராவே கேளு. என் மேல நம்பிக்கை இல்ல, அதான? உன் பங்கை நான் முழுங்கிடுவேன்னு பயம். மேரி அன்னைக்கே சொன்னா, நான்தான் நம்பல."

போனை வைத்துவிட்டார். பங்காம் பங்கு! நான் தண்ணீரைச் சந்தேகப்பட்டால் இவர் என்னைச் சந்தேகப்படுகிறார்.

3

இழுத்தடிக்கத் தூதரகமும் எனக்கு ஒத்தாசை செய்தது. முதல் தடவை போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். காதைக் காட்டி எடுத்து அனுப்பினால், பத்திரத்தில் இருக்கும் எஸ். எஸ்தர் ராணியும் பாஸ்போர்ட்டில் இருக்கும் எஸ்தர் ராணி சாமுவேலும் ஒரே ஆள்தான் என்று உறுதிமொழி கேட்டார்கள். நான்தான் நான் என்று நோட்டரி ஒருவர் முன்னால் வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்தேன். அவர் என் முகத்தைப் பார்த்த பார்வையில் அவருக்கே சந்தேகம் இருந்தது.

அண்ணன் தராவிட்டால் என்ன என்று, மனை விற்கிற இடத்துக்கே போன் போட்டேன். வாங்க வருகிறவள் மாதிரிப் பேசினேன். எடுத்தவர் பெயர் சேகர்.

"மழை வந்தா தண்ணி ஏறாதா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? ரிப்போர்ட்டு பக்காவா கீது. அமெரிக்காவுல கீற இஞ்சினியரு கம்ப்யூட்டர்ல போட்டுக் குட்த்தது. புயலு வந்தாலும் தண்ணி உள்ள வராதுன்னு எய்தியே குட்த்துட்டாங்க."

"யாருங்க அந்த இஞ்சினியர்?"

"பேரெல்லாம் எனக்குத் தெரியாது மேடம். பெரிய ஆளு. அங்க கவர்மெண்ட்டே அவங்க பேச்சைக் கேட்டுகினுதான் ஊரைக் காலி பண்ணுமாம். சும்மா பேஜார் பண்ணாதீங்க. சண்டே வந்து சைட்டப் பாருங்க, வேன் அனுப்புறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற என்னால் முடியாது என்பதை மறைத்து, ரிப்போர்ட்டை மட்டும் போனுக்கு அனுப்பச் சொன்னேன். அன்று பூராவும் அந்தப் பெரிய ஆளைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். எவனோ வரும்படிக்காக எங்கள் வளைகுடாக் கணக்கை அப்படியே தூக்கி வங்காள விரிகுடாவில் வைத்திருக்கிறான் என்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சக ஊழியர்களிடம் சொல்லியும் சிரித்தேன்.

4

என் மகள் ரூத்துக்குப் பதினேழு வயது. அடுத்த வருடம் கல்லூரிக்கு, கடலே இல்லாத ஒரு மலை மாநிலத்துக்குப் போகப் போகிறாள். அந்த ஊரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் தோளைக் குலுக்குகிறாள். தமிழ் புரியும், பேசுவது அவளுக்கு மனசு வந்தால்தான். முன்பெல்லாம் என் மடியில் உட்கார்ந்து புயல் படம் பார்த்தவள், இப்போது தன் அறையிலிருந்து அடுக்களைக்கு வருவதே ஒரு விசேஷம்.

அன்று சாயங்காலம் வந்தாள். நான் சேகர் அனுப்பிய ரிப்போர்ட்டை மேஜையில் லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். பளபளப்பான அட்டை, தென்னை மரம், சிரிக்கிற குடும்பம். நான்காம் பக்கத்தில் படம். கடற்கரை, கழிமுகம், தண்ணீர் வந்து நிற்கிற எல்லை. மனைகள் இருக்கிற இடம் சுத்தமாகக் காய்ந்திருந்தது.

"இதைப் பாரு, எவனோ ஒரு முட்டாள் போட்டது," என்றேன்.

ரூத் ஆப்பிளைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "அம்மா, இது நம்ம கலர்."

"என்ன நம்ம கலர்?"

"ஊதாலேந்து மஞ்சள். நான்தான் சூஸ் பண்ணேன். நீ ப்ளூ போட்டே, நான் போரிங்னு சொன்னேன். ஞாபகம் இல்ல?"

படத்தைப் பெரிதாக்கினேன். கோவளம் மணலில் ஒரு சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருந்தது. உலகத்தில் வேறு எந்த இஞ்சினியரும் அங்கே நட்சத்திரம் வைக்க மாட்டான். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை அப்பா எங்களை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய், லெமன் சாதமும் அவித்த முட்டையும் கட்டித் தந்து, இதைத் தாண்டிப் போகக்கூடாது என்று காலால் கோடு போட்டுவிட்டு உட்காருவாரே, அந்த இடம் அது.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு புயல் சென்னையை உரசிக்கொண்டு போனபோது, ஊரார்க்கெல்லாம் சொல்கிறாயே, நமக்கும் சொல்லேன் என்று அண்ணன் கேட்டார். நான்கு நாள் விடுமுறை. வீட்டு லேப்டாப்பில் உட்கார்ந்து போட்டேன். குடும்ப வாட்ஸப் குழுவில் அனுப்பினேன். 'நம்ம பிக்னிக் இடத்தைக் கொஞ்சம் தாண்டும். அதுக்கு மேல தண்ணி உள்ள வராது' என்று கீழே எழுதியதும் நான்தான். கும்பிடுகிற கைகள் வரிசையாக வந்தன. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அப்புறம் மறந்துபோனேன்.

உனக்குத் தெரியாததா எஸ்தரு என்று அண்ணன் கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனிதர் நழுவவே இல்லை.

5

படம் என்னுடையது என்பதோடு போயிருந்தால் அவமானம் கொஞ்சத்தோடு போயிருக்கும். பழைய கோப்புகளைத் தேடி எடுத்துத் திறந்தேன். எது என்று தெரிந்தே ஒரு வரியைத் தேடினேன். அங்கே பூஜ்யம் இருந்தது.

அதைப் புரியவைக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். புயலில் காற்று கடலைக் கரைப் பக்கம் தள்ளும். புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைவதால் கடல் மட்டமும் கொஞ்சம் எழும்பும். இதை ஒரு புரோகிராம் கணக்கிடும். அலைகளுக்கு இன்னொரு புரோகிராம். அலை என்றால் மேலே துள்ளிவிட்டுத் திரும்பிப் போவதுதானே, அதற்கு என்ன கணக்கு என்று தோன்றும். அப்படியில்லை. கரைக்குப் பக்கத்தில் அலை உடையும்போது தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. தாம்பரத்தில் காலையில் பீச் போகிற மின்சார ரயில் வந்து நிற்கும்போது பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டே இருந்தால் வாசலில் நிற்பவர் இறங்க முடியுமா? அவரும் உள்ளேதான் போவார். அதே மாதிரி, வந்த தண்ணீர் திரும்புவதற்குள் அடுத்த அலை வந்து தள்ளுவதால், கரையோரத்தில் கடல் மட்டமே ஒரு படி ஏறி நின்றுவிடும். முகத்துவாரத்தில் அப்படி ஏறி நின்றால், ஏரித் தண்ணீர் வெளியேறவும் வழி குறையும்.

இரண்டு புரோகிராமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே ஓட வேண்டும். கடல் எவ்வளவு ஆழம் என்று முதலாவது சொல்லும். அப்படியென்றால் அலை இங்கே உடையும், இவ்வளவு தள்ளும் என்று இரண்டாவது திருப்பிச் சொல்லும். இதற்கு நேரம் பிடிக்கும், பெரிய மெஷின் வேண்டும். அதனால் சோதனைக்கு ஓட்டும்போது நாங்கள் எல்லோருமே அந்த ஒரு வரியில் பூஜ்யம் போட்டு அலையை விட்டுவிடுவோம். கரைக்கோடு சரியா, காற்று சரியா என்று பார்த்த பிறகுதான் ஒன்று போட்டு மறுபடி ஓட்டுவோம். லேப்டாப் தாங்காதென்று நான் பூஜ்யத்தோடு ஓட்டினேன். விடுமுறை முடிந்தது. ஒன்று போடவே இல்லை.

அதற்கு மேல் இன்னொரு முட்டாள்தனம். எங்கள் வளைகுடாவில் கடல் வெகுதூரம் ஆழமில்லாமல் பரந்து கிடக்கிறது. அங்கே காற்று தள்ளுவதுதான் பெரும் பங்கு, அதையே பார்த்துப் பார்த்து எனக்கு அலை ஒரு கறிவேப்பிலை ஆகிவிட்டது. நம் சென்னைக் கரையோ அப்படியில்லை, கடல் சீக்கிரமே ஆழமாகிவிடும். அந்த மாதிரிக் கரையில் அலைதான் குழம்பில் புளி. அங்கேயே பிறந்து வளர்ந்து, அலை இழுத்துக்கொண்டு போன செருப்புக்காக அப்பாவிடம் அடியும் வாங்கியவளுக்கு இது ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் ஆபீஸுக்குப் போய், அனுமதி வாங்கிப் பெரிய மெஷினில் ஒன்று போட்டு ஓட்டினேன். ஞாயிறு மத்தியானம் படம் வந்தது. அதே புயல், அதே கரை. தண்ணீர் நட்சத்திரத்தை விழுங்கி, சாலையைத் தாண்டி, கழிக்கரை வழியாக ஏறி, அண்ணன் முன்பணம் கொடுத்திருந்த மனையில் இடுப்பளவு நின்றது. சந்தேகம் தீரவில்லை. கூட வேலை பார்ப்பவரை வீட்டிலிருந்து வரவழைத்துக் கணக்கைச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் பார்த்துவிட்டுச் சரிதான் என்று தலையை ஆட்டினார்.

6

திங்கட்கிழமை காலை அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் எடுத்ததுமே, "பங்கு விஷயமா இருந்தா மேரிகிட்ட பேசு," என்றார்.

"அண்ணா, அந்தப் படம் தப்பு. நான் போட்ட படம்தான். அலையைச் சேர்க்காமப் போட்டுட்டேன். அந்த மனையில தண்ணி வரும். வாங்காதீங்க."

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் அண்ணன் முப்பது வருடம் அளவு பார்க்கிற வேலையில் இருந்தவர். கடைந்து வருகிற ஒவ்வொரு துண்டையும் டிராயிங்கோடு ஒப்பிட்டு, மயிரிழை தப்பினாலும் தூக்கி ஒதுக்குவார். அவரிடம் பேசும்போது நான் எப்போதுமே பாதி பயத்தோடு பேசுவேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"டிராயிங்ல 'செக்டு'ன்னு இன்னொருத்தன் கையெழுத்து இல்லாம நான் ஒரு பீஸ்கூட வெளிய விட்டதில்ல எஸ்தரு," என்றார் மெதுவாக. "உன் படத்துல அத நான் பாக்கவே இல்ல. தங்கச்சி போட்டதாச்சேன்னு விட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிடுங்கள் என்றேன். என் மேல் சந்தேகப்பட்டீர்களே என்று அவரைக் குற்றம் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளை எடுக்கவே இல்லை.

"எனக்கு முன்பணத்தோட போச்சு, விடு," என்றார். "நம்ம சபையில ஏழு குடும்பம் ரிஜிஸ்டரே பண்ணிட்டாங்க. ரெண்டு பேரு கடைக்கால் போட்டாச்சு. என் தங்கச்சி அமெரிக்காவுல கணக்குப் போட்டு அனுப்பிச்சான்னு வீடு வீடா நான்தான் காட்டினேன். அது கைமாறிக் கைமாறி அந்த மனைக்காரங்க வரைக்கும் போயிருக்கு. அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

கடைக்கால் போட்டவர்கள் தரையை எவ்வளவு உயர்த்த வேண்டும், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றேன். அதற்கு முதலில் அவர்கள் நம்ப வேண்டும் என்றார் அண்ணன்.

7

அன்றே சபையின் வாட்ஸப் குழுவில் எழுதினேன். நான் எஸ்தர், பாக்கியநாதன் தங்கை, நீங்கள் பார்த்த படம் தவறானது, சரியானது இது, இரண்டு பேர் சரிபார்த்தது என்று புதிய படத்தையும் போட்டேன்.

ஆறு வருடத்துக்கு முன் போட்ட தப்பான படத்தை ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. சரியான படத்துக்குப் பத்தே நிமிடத்தில் சந்தேகம் வந்துவிட்டது. 'எஸ்தர் அக்கா போனை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க, நம்பாதீங்க' என்றார் ஒருவர். பக்கத்தில் மனை விற்கிறவன் போட்டிக்குக் கிளப்பிய புரளி என்றார் இன்னொருவர். அண்ணன் தங்கைக்குள் வீட்டுத் தகராறு, அதனால்தான் திடீரென்று தப்பு என்கிறாள் என்று ஒரு அம்மா குரல் பதிவில் விளக்கமே கொடுத்தார். மூன்றாம் நாள் என் பழைய ஊதாப் படமே எனக்குத் திரும்பி வந்தது. 'உண்மையான ரிப்போர்ட் இதுதான், அதிகம் பகிரவும்' என்று மேலே எழுதியிருந்தது.

"நான் சொன்னாலும் எடுபடல," என்றார் அண்ணன். "முன்பணம் போன கடுப்புல பேசுறேன்னு சொல்றாங்க. நீ நேர்ல வந்து நில்லு."

டிக்கெட் எடுத்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, ஆராதனை முடிந்ததும், பேசப் பத்து நிமிடம் போதகரிடம் கேட்டு வாங்கியிருக்கிறார் அண்ணன். அதற்குள் இதையும் எழுதி வைக்கிறேன். ஊதாவிலிருந்து மஞ்சள் வரை நிறம், கோவளம் மணலில் ஒரு சிவப்பு நட்சத்திரம், அப்படி ஒரு படம் உங்கள் போனுக்கும் வந்திருக்கலாம். அதைப் போட்டவள் நான். அது தப்பு.

ரூத் என்னோடு வருகிறேன் என்று தானாகவே சொன்னாள். கலரைத் தேர்ந்தெடுத்தவளாயிற்றே, பொறுப்பில் பங்கு இருக்கிறதாம். நேற்று பெட்டியை எடுத்து வைக்கும்போது, இரண்டு படங்களையும் பெரிய தாளில் அச்சடித்துச் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தாள். புதிய படத்தின் மூலையில் நானும் என் சக ஊழியரும் போட்ட கையெழுத்து இருந்தது.

"நேர்ல சொன்னா நம்புவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நானா இருந்தா நம்ப மாட்டேன்," என்றேன்.